மெய்யியலைத் தொழிலாகக் கொள்ளுதல்: கரம்பனிலிருந்து கோலாலம்பூர் வரை

ஏ.எல். பெறுபேறு வெளியாகிற நாட்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரியானவை. "சேர், மகளுக்குக் கலைப்பீடம் கிடைச்சிருக்கு. மெய்யியல் செய்யப் போறாவாம். அதில என்ன தொழில் இருக்கு?" என்று வாப்பா கேட்பார். பின்னால் நிற்கும் உம்மா இன்னொரு கேள்வியைச் சொல்லிக்கொடுப்பதும் காதில் விழும்: "ஈமானுக்கு ஒண்டும் ஆகாதா எண்டு கேளுங்க." ஒன்று வயிற்றைப் பற்றிய கேள்வி, மற்றது மறுமையைப் பற்றியது. இரண்டுமே நியாயமான கேள்விகள். தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததால் எழுதத் தீர்மானித்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது குடும்பத்தோடு புத்தளம் வந்து, அங்கே ஒரு பாடசாலையில் அளவையியல் படித்து, பின்னர் மெய்யியலில் சிறப்புப் பட்டம் பெற்று, வெளிநாடொன்றில் ஆய்வு செய்து, இப்போது பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறேன். வாப்பா தீவுப்பகுதிக்கு வியாபாரத்துக்குப் போய்வந்தவர். பண்ணைப் பாலம், வேலணை, குறிகட்டுவான் இறங்குதுறை, நயினாதீவுப் பள்ளிவாசல், நெடுந்தீவுக் கடல் எல்லாம் அவருடைய பேச்சில் வந்துகொண்டே இருக்கும். அதனால்தானோ என்னவோ, மெய்யியல் என்றதும் எனக்கு ஏதென்ஸுக்கு முன்னால் தீவுப்பகுதி ஞாபகத்துக்கு வருகிறது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் தத்துவம் என்பதை இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மெய்யியல் என்கிறோம். நம் வீடுகளில் "தத்துவம் பேசாதே" என்றால் சும்மா வாயடிக்காதே என்று அர்த்தம். துறையின் வேலை அதற்கு நேர்மாறானது. ஒருவர் ஒன்றைச் சொன்னால், அதை எந்த ஆதாரத்திலிருந்து எந்தப் படிகளால் எடுத்தார், அந்தப் படிகள் தாங்குமா என்று பார்ப்பதுதான் அதன் அன்றாட வேலை. அறிவு என்றால் என்ன என்று கேட்டால் அது அறிவாராய்ச்சியியல். உள்ளவை எவை என்று கேட்டால் பௌதிகவதீதம். எது நன்று என்று கேட்டால் ஒழுக்கவியல். இவை எல்லாவற்றுக்கும் கத்தி தீட்டித் தருவது அளவையியல்.

இந்தக் கத்தி நமக்குப் புதியதல்ல. அரபு மத்ரஸாக்களில் மன்திக் என்ற பாடம் நெடுங்காலமாக ஓதப்பட்டு வருகிறது. அதில் தொடக்க மாணவர்களுக்கு வைக்கப்படும் சிறிய கிதாபின் பெயர் ஈஸாகூஜி. 13ஆம் நூற்றாண்டில் அஸீருத்தீன் அல் அப்ஹரி எழுதியது. கிதாபு அரபியில் இருந்தாலும் பெயர் அரபுச் சொல் அல்ல. அது கிரேக்கச் சொல், அறிமுகம் என்று பொருள். இன்றைய லெபனானிலுள்ள சூர் நகரைச் சேர்ந்த போர்ஃபிரி என்பவர் 3ஆம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டிலின் தருக்கத்துக்கு எழுதிய முன்னுரையின் பெயர் அது. ஜின்ஸ், நவ்உ, ஃபஸ்ல், காஸ்ஸா, அரள் ஆம் என்று மௌலவிமார் மனப்பாடமாகச் சொல்லும் ஐந்தும் அந்தக் கிரேக்க முன்னுரையில் உள்ள ஐந்துதான். மனிதன் ஓர் உயிரினம் (ஜின்ஸ்), சிந்தித்துப் பேசுவது அவனை மற்ற உயிரினங்களிலிருந்து பிரிக்கிறது (ஃபஸ்ல்), சிரிப்பது அவனுக்கே உரிய தன்மை (காஸ்ஸா) என்ற உதாரணம் வரைக்கும் பழையது. ஈஸாகூஜி ஓதிய ஒருவர், தனக்குத் தெரியாமலே அரிஸ்டோட்டிலின் வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்திருக்கிறார்.

கியாஸ் பகுதிக்குப் போனால் இன்னும் தெளிவு. மத்ரஸாவில் சொல்லித்தரும் உதாரணம் இது: உலகம் மாறுகிறது, மாறுவதெல்லாம் தோன்றியது, ஆகவே உலகம் தோன்றியது. ஏ.எல். அளவையியல் புத்தகத்தில் சோக்கிரட்டீஸ் இறப்பது பற்றிய உதாரணம் வரும். இரண்டுக்கும் அமைப்பு ஒன்று. இரண்டு எடுகூற்றுகளிலும் வந்து முடிவில் காணாமற் போகும் சொல் மத்திய பதம். மத்ரஸாவில் அதையே ஹத்து அவ்ஸத் என்பார்கள். ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. அரபு வழக்கில் சிறிய எடுகூற்றை முதலில் வைப்பார்கள். பாடசாலைப் புத்தகத்தில் பெரிய எடுகூற்று முதலில் வரும். மௌலவிப் படிப்பை முடித்துவிட்டு ஏ.எல். எழுத வருகிற பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வரிசையை மாற்றினால் வாதம் மாறாது என்று ஒருமுறை காட்டிவிட்டால், அதற்குப் பிறகு வகுப்பில் அவர்கள்தான் முன்வரிசை.

மெய்யியல் இதற்கு மேலே ஒரு படி வைக்கிறது. "மாறுவதெல்லாம் தோன்றியது" என்ற கூற்று எங்கிருந்து வந்தது? கண்டறிந்ததா, வரைவிலக்கணத்திலிருந்து எடுத்ததா? தோற்றமில்லாத ஒன்று மாறிக்கொண்டே இருக்க முடியாதா? கலாம் கலை அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்காகச் சண்டை பிடித்தது இந்த ஒரு வரியைப் பற்றித்தான். முடிவு உண்மை என்று நம்புகிற ஒருவருக்கும் அந்த வாதம் முழுமையானதா என்று கேட்கும் உரிமை உண்டு. முடிவை நம்புவது ஒன்று, வாதத்தைச் சோதிப்பது வேறொன்று என்று பிரித்தறியப் பழகிய மாணவருக்கு உம்மாவின் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு இமாம் கஸ்ஸாலியிடம் போக வேண்டும். மெய்யியலை எதிர்த்தவர் என்று மேடைகளில் அவருடைய பெயரைச் சொல்வார்கள். அவருடைய வாழ்க்கையை ஒரு கல்வித் தொழிலாக வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. 1058இல் தூஸ் நகரில் பிறந்தார். 1091இல் பக்தாத் நிஸாமிய்யாவில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்றைய கணக்கில் சொன்னால் அந்தக் காலத்தின் மிக உயர்ந்த நாற்காலி. முந்நூறு மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் ஆசிரியர் எவருமின்றி இரண்டு வருடத்துக்குள் மெய்யியலாளரின் நூல்களை வாசித்து முடித்ததாக அவரே தன் வரலாற்று நூலில் சொல்கிறார். பிறகு அவர்களது கருத்துக்களைத் தொகுத்து மகாஸிதுல் ஃபலாஸிஃபா எழுதினார். எதிராளியின் கருத்தை அவ்வளவு நேர்மையாக எழுதியிருந்ததால், அது லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டபோது ஐரோப்பிய வாசகர்கள் பலர் கஸ்ஸாலியையும் அந்த மெய்யியலாளரில் ஒருவர் என்றே எண்ணினார்கள். அதன் பிறகுதான் தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா வருகிறது. 20 பிரச்சினைகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். மூன்றில் மட்டும்தான் குஃப்ர் என்கிறார்: உலகம் அநாதியானது என்பது, அல்லாஹ் தனித்தனி நிகழ்வுகளை அறிவதில்லை என்பது, உடல் எழுப்பப்படாது என்பது. மற்ற பதினேழில் அவர் சொல்வது வேறு. பலவற்றில், "முடிவு சரியாயிருக்கலாம், உங்கள் நிரூபணம் போதாது" என்ற தொனிதான்.

தருக்கத்தை அவர் நிராகரிக்கவே இல்லை. கடைசிக் காலத்தில் உஸூலுல் ஃபிக்ஹில் எழுதிய முஸ்தஸ்ஃபாவின் முன்னுரையில் மன்திக்கை வைத்து, அதை அறியாதவருடைய அறிவை நம்ப முடியாது என்கிற அளவுக்குப் போகிறார். எல்லா அறிஞர்களும் இதை ஏற்றார்களா என்றால், இல்லை. இப்னு ஸலாஹ் மன்திக்குக்கு எதிராக ஃபத்வா கொடுத்தார். இப்னு தைமிய்யா அதை விரிவாக மறுத்து எழுதினார். அந்த மறுப்பே நல்ல தருக்க நூல் என்பது என் அபிப்பிராயம். ஆக, உம்மாமாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: இந்தத் தகராறு நமது உலமாக்களுக்குள்ளேயே நடந்த தகராறு, பிள்ளை அதற்குள் போவது வேற்றூருக்குப் போவதாகாது. இத்தனை வருடக் கற்பித்தலில், மெய்யியல் படித்துத் தொழுகையை விட்டவரையும் கண்டேன், மெய்யியல் படித்துத் தொழுகையைப் பிடித்தவரையும் கண்டேன். இரண்டு வகையும் முகாமைத்துவ பீடத்திலும் உண்டு.

இப்போது தீவுப்பகுதிக்கு வருவோம். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று ஈழத்தில் பலர் கொள்கிறார்கள். அதை நிறுவுவது வரலாற்றாசிரியர்களின் பாடு. எனக்கு முக்கியமானது வேறு. அட்சயபாத்திரம் பெற்ற அந்தப் பெண், காப்பியத்தின் பிற்பகுதியில் வஞ்சி நகரில் பல சமயவாதிகளையும் ஒவ்வொருவராகச் சந்தித்து, உங்கள் கொள்கை என்ன, ஆதாரம் என்ன என்று கேட்கிறாள். முதலில் வருபவரின் பெயரே அளவைவாதி. பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு பௌத்த தருக்கத்தை, எது சரியான அனுமானம், எது போலி என்று வகைவகையாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஏ.எல். மாணவன் போலிகள் என்று மனப்பாடம் செய்வதன் தமிழ் முன்னோடி அங்கே இருக்கிறது. அளவையியல் என்ற நமது பாடத்தின் பெயரும் அந்தச் சொல்லின் வழியில் வந்ததே. ஒரு பெண் கேள்வி கேட்டு, கேட்டதை எடைபோட்டு, தன் முடிவை எடுத்த கதை தமிழில் உண்டு என்பதை, மகள் மெய்யியல் படிப்பதைப் பற்றி யோசிக்கும் வாப்பாமாருக்கு அடிக்கடி ஞாபகமூட்டுவேன்.

நயினாதீவிலிருந்து படகில் திரும்பி, குறிகட்டுவானில் இறங்கி, வேலணை வழியாக ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் கரம்பன் வரும். தனிநாயகம் அடிகள் 1913 ஓகஸ்ட் 2ஆம் திகதி பிறந்த ஊர். தமிழாராய்ச்சி மாநாடுகளின் தந்தை என்று அவரை எல்லோருக்கும் தெரியும். அவருடைய கல்விப் பாதையை ஒரு மாணவன் தன் வழிக்கு எடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு, நாம் முஸ்லிம்கள் என்பது இதற்குத் தடையல்ல. சொல்லப்போனால், மத்ரஸாவிலிருந்து வருகிற ஒருவருக்கு அவருடைய பாதைதான் மிக நெருக்கமானது.

ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்துவிட்டு, 1931இல் கொழும்பு புனித பெர்னார்ட் குருமடத்தில் சேர்ந்தார். குருமடங்களில் முறை இது: முதலில் சில வருடம் மெய்யியல், பிறகு இறையியல். மன்திக் ஓதிவிட்டு அகாஇத், கலாம் கிதாபுகளுக்குப் போவது போலத்தான். 1934இல் ரோமாபுரிக்குப் போய் ஊர்பன் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்து, 1938இல் குருவானார். 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரில் ஆயராயிருந்த சிப்ரியன் காலத்துக் குருமாரைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். கார்த்தேஜ் என்பது இன்றைய தூனிஸ் பக்கம். இதுவரைக்கும் தமிழ் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வடக்கன்குளம் பாடசாலையில் பணிக்குப் போனபோதுதான் தமிழை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அப்போது வயது 32. கையில் ஏற்கனவே ரோம் பட்டம். இந்த வயதில் பட்டப்படிப்பு மாணவர்களோடு வாங்கில் உட்கார்வது லேசான காரியமல்ல. சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி எம்.லிட். ஆய்வு செய்தார். 1952இல் தமிழ் கல்ச்சர் என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். அதே வருடம் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஐம்பதுகளின் நடுப்பகுதியில் லண்டனுக்குப் போய்ப் பண்டைய கல்விச் சிந்தனை பற்றி இன்னொரு கலாநிதி ஆய்வை முடித்தார். 1961இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்குப் பேராசிரியரும் தலைவருமாகப் போனபோது அவருக்கு 48 வயது. அங்கே அவர் நிகழ்த்திய பேராசிரியர் தொடக்க உரையின் பொருள் இந்தியச் சிந்தனையும் உரோம ஸ்டோயிக்க மெய்யியலும். குருமடத்தில் படித்த மெய்யியல் முப்பது வருடம் கழித்து மேடைக்கு வந்தது.

அந்த உரையின் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மிடத்திலும் ஒப்பிடும் பழக்கம் உண்டு: இந்தக் குறளுக்கு இந்த ஹதீஸ், அந்தக் குறளுக்கு அந்த ஹதீஸ் என்று பட்டியல் போடுவது. மேடைக்கு நல்லது, ஆய்வுக்குப் போதாது. இரண்டு ஊர்களில் இரண்டு பேர் ஒன்றைச் சொன்னால், ஒருவரிடமிருந்து மற்றவர் எடுத்தாரா, ஒரே வகையான வாழ்க்கை ஒரே வகையான சிந்தனையைத் தந்ததா, அல்லது வெளியில் ஒத்த சொல்லுக்குள் வேறு கருத்து இருக்கிறதா என்று பிரிக்க வேண்டும். சினம் தவிர் என்று செனெக்கா சொல்வதும் வள்ளுவர் சொல்வதும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கலாம். செனெக்காவுக்கு அதன் பின்னால் உலகம் முழுவதும் ஒரே பகுத்தறிவால் ஆளப்படுகிறது என்ற பௌதிகவதீதம் நிற்கிறது. வள்ளுவருக்குப் பின்னால் நிற்பது எது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் ஒப்பியல் மெய்யியல் தொடங்குகிறது.

தனிநாயகம் அடிகளின் பலம் எதில் இருந்தது என்று யோசித்திருக்கிறேன். தமிழில் அவரைவிட ஆழமான பண்டிதர்கள் அன்று யாழ்ப்பாணத்திலேயே இருந்தார்கள். ஆனால் லத்தீனும் இத்தாலியமும் போர்த்துக்கேயமும் தெரிந்து தமிழுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர்? அந்தாவோ தெ புரொவென்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்புச் செய்தார். அவர் குருவாவதற்குப் படித்த மொழிகள்தான் அவரை அந்த அலுமாரி வரைக்கும் கொண்டுபோயின. 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கியபோது பிரெஞ்சுக்காரர் ஃபிலியோசாவும் செக் நாட்டவர் ஸ்வெலபிலும் அவரோடு சேர்ந்ததற்கும் அந்த உலகத்தோடு அவருக்கிருந்த பழக்கம்தான் காரணம். நமது மௌலவிப் பட்டதாரிகளின் கையில் அதே மாதிரி ஒரு திறப்பு இருக்கிறது. அதன் பெயர் அரபு. அதை ஜும்ஆ பயானுக்கும் நிகாஹ் குத்பாவுக்கும் மட்டும் வைத்திருக்கிறோம்.

அடிகள் கோலாலம்பூரில் இருந்த கடைசி வருடங்களில் அதே பல்கலைக்கழகத்தில் மலாயியல் பக்கம் செய்யித் முஹம்மத் நகீப் அல்-அத்தாஸ் கற்பித்துக்கொண்டிருந்தார். அவரது பாதையும் ஏறக்குறைய இதே மாதிரி. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் முதுமாணி, 1965இல் லண்டனில் கலாநிதி, சுமாத்ராவின் ஸூஃபிக் கவிஞர் ஹம்ஸா ஃபன்ஸூரி பற்றிய ஆய்வு. 1987இல் அவர் கோலாலம்பூரில் தொடங்கிய இஸ்தாக் நிறுவனம் இஸ்லாமிய மெய்யியல் படிக்க விரும்பிய பலருக்கு ஒரு விலாசமாக இருந்தது. ஒருவர் தமிழை, மற்றவர் மலாயை, உலகப் பல்கலைக்கழகங்களின் முறையியலைக் கொண்டு திறந்தார்கள்.

சரி, இன்றைக்கு ஒரு பிள்ளை இந்த வழியில் போவதென்றால் படிகள் என்ன? இலங்கையில் தமிழ்மொழி மூலம் மெய்யியல் கற்க யாழ்ப்பாணம், பேராதனை, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் இடமுண்டு. பேராதனை மெய்யியலுக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. கேம்பிரிட்ஜில் விற்கென்ஸ்டைனின் வகுப்பில் இருந்த கே.என். ஜயதிலக்க அங்கேதான் கற்பித்தார். ஆதி பௌத்த அறிவாராய்ச்சி பற்றி அவர் 1963இல் வெளியிட்ட நூலை இன்றும் உலகம் வாசிக்கிறது. நம்மவர்களில் எம்.எஸ்.எம். அனஸ் பேராதனையில் மெய்யியல் கற்பித்து, தமிழில் மெய்யியல் நூல்கள் எழுதியவர். தமிழில் வாசிக்க எதுவுமில்லை என்று சொல்லும் மாணவர்களை அவருடைய புத்தகங்களுக்கு அனுப்புவேன்.

முதல் வருடம் மூன்று பாடம். அதில் நல்ல பெறுபேறு எடுத்தால் மெய்யியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து மொத்தம் நான்கு வருடம் படிக்கலாம். கடைசி வருடத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அதைச் சடங்காக நினைத்துக் கடைசி மாதத்தில் தட்டச்சுக் கடையில் உட்காருகிறவர்கள் அதிகம். பின்னர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது எழுத்து மாதிரி ஒன்று கேட்பார்கள். அங்கே போவது அந்தக் கட்டுரையின் திருத்திய வடிவம்தான். முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ கிடைத்தால் தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவி கிடைக்கலாம். தற்காலிகம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து அடுத்த விளம்பரத்துக்காகக் காத்திருக்கும் காலமும் இதில் அடங்கும். எனக்கு அந்தக் காத்திருப்பு இரண்டு வருடம் நீண்டது. அந்த நாட்களில் புத்தளத்தில் ஏ.எல். ரியூசன் வகுப்பு எடுத்துத்தான் சமாளித்தேன்.

நிரந்தரப் பதவி கிடைத்தால் முதலில் தகுதிகாண் விரிவுரையாளர். குறித்த காலத்துக்குள் முதுதத்துவமாணியோ கலாநிதியோ முடிக்க வேண்டும். அதற்குச் சம்பளத்தோடு கற்கை விடுமுறை தருவார்கள், திரும்பி வந்து வேலை செய்வதாகப் பிணையும் எழுதி வாங்குவார்கள். பிணைக்குக் கையெழுத்துப் போட ஆள் தேட வேண்டும். இடம்பெயர்ந்து முகாமிலிருந்த குடும்பங்களில் அந்தக் கையெழுத்துக்கு ஆள் கிடைப்பதே ஒரு போராட்டம். வெளிநாட்டில் புலமைப்பரிசிலோடு போவதானால் ஆங்கிலப் பரீட்சை, இரண்டு மூன்று சிபாரிசுக் கடிதம், ஆய்வு முன்மொழிவு எல்லாம் வேண்டும். பிரித்தானிய முறையில் மூன்று நான்கு வருடம் நேரே ஆய்வு. அமெரிக்க முறையில் முதல் இரண்டு வருடம் வகுப்பும் பரீட்சையும், பிறகு ஆய்வு, மொத்தம் ஐந்து ஆறு வருடம் தாண்டும்.

முன்மொழிவில்தான் நமது பிள்ளைகள் அதிகம் அடிபடுகிறார்கள். "இஸ்லாமிய மெய்யியல் ஓர் ஆய்வு" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அது ஒரு நூலகத்தின் தலைப்பு, ஓர் ஆய்வின் தலைப்பல்ல. கொஞ்சம் சுருக்கச் சொன்னால், "கஸ்ஸாலியும் ஹியூமும்" என்று வருவார்கள். பஞ்சில் நெருப்புப் பட்டால் எரிவதைக் காண்கிறோம், நெருப்புத்தான் எரித்தது என்பதைக் காணவில்லை என்று தஹாஃபுதின் பதினேழாம் பிரச்சினையில் கஸ்ஸாலி சொல்கிறார். 18ஆம் நூற்றாண்டில் ஹியூமும் காரணம் பற்றி அதேபோன்ற சந்தேகத்தை எழுப்பினார். அருமையான விஷயம். ஆனால் இதைப் பற்றி உலகத்தில் எழுதிக் குவித்தாகிவிட்டது. அந்தக் குவியலில் புதிதாக என்ன சேர்ப்பாய் என்று தேர்வுக்குழு கேட்கும்.

நான் வழிகாட்டும் மாணவர்களை அரபுத்தமிழ்ப் பக்கம் திருப்பப் பார்க்கிறேன். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம், இமாமுல் அரூஸ் என்று நாம் போற்றுகிறவர் (1816 - 1898), இலங்கைக்கு வந்து பல ஊர்களில் பணி செய்தவர். அவருடைய ஃபத்ஹுத் தய்யான் போன்ற அரபுத்தமிழ் நூல்கள் வீடுகளில் ஓதப்பட்டன. மார்க்க நூல் என்ற அளவில் அவற்றை அறிவோம். அகீதா பகுதிகளில் அரபுக் கலைச்சொற்களை எந்தத் தமிழால் விளக்கியிருக்கிறார்கள், எங்கே தமிழ்ச் சொல் போதாமல் அரபையே வைத்தார்கள், ஒரு நிரூபணத்தைப் பெண்களும் பிள்ளைகளும் கேட்டு விளங்கும் நடைக்கு எப்படி இறக்கினார்கள் என்று பார்ப்பது மெய்யியல் ஆய்வு. அரபு எழுத்து வாசிக்கவும் தமிழ் விளங்கவும் தருக்கம் சோதிக்கவும் தெரிந்த ஒருவரால்தான் அதைச் செய்ய முடியும். அப்படியானவர்கள் உலகத்தில் எங்கே இருக்கிறார்கள்? காத்தான்குடியிலும் கல்முனையிலும் புத்தளத்திலும் காயல்பட்டினத்திலும் இருக்கிறார்கள். லண்டனில் தேடினாலும் கிடைக்கமாட்டார்கள். தக்கலை பீர் முஹம்மது அப்பா, குணங்குடி மஸ்தான் சாஹிபு ஆகியோரின் ஞானப் பாடல்களில் உள்ள வுஜூத் பற்றிய சிந்தனையும் இப்படியே காத்துக்கிடக்கிறது. இலக்கியமாக வாசித்தோம். வாதமாக இன்னும் வாசிக்கவில்லை.

தொழில் பற்றிய வாப்பாவின் கேள்விக்குக் கடன் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், மெய்யியல் சிறப்புப் பட்டம் எடுத்தவர்களில் பல்கலைக்கழக விரிவுரையாளராகிறவர் மிகச் சிலர். நாலைந்து துறைகள், எப்போதாவது ஒரு வெற்றிடம். அளவையியல் ஏ.எல். பாடமாக இருப்பதால் பாடசாலை ஆசிரியராகப் போகிறவர்கள் அதிகம். மெய்யியல் பட்டதாரிக்கு இந்த நாட்டில் உறுதியான கதவு அதுதான். நிர்வாக சேவைப் பரீட்சைக்கும் சட்டக் கல்லூரிக்கும் போனவர்கள் தருக்கப் பயிற்சி கைகொடுத்ததாகச் சொல்வார்கள். பத்திரிகைக்குப் போனவர்களும் உண்டு. நமது வரலாற்றில் இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். அல்லாமா இக்பால் லாகூரில் மெய்யியல் முதுமாணி, கேம்பிரிட்ஜில் படிப்பு, மியூனிக்கில் பாரசீக பௌதிகவதீதம் பற்றிக் கலாநிதி. இத்தனையும் இருந்தும் வாழ்க்கைக்கு வக்கீல் தொழிலைத்தான் நம்பினார். அவருடைய பெயர்பெற்ற மெய்யியல் உரைகளில் முதல் மூன்றை 1929 ஜனவரியில் மதராஸில் நிகழ்த்தினார். அழைத்தது தமிழ் முஸ்லிம் வர்த்தகர் ஜமால் முஹம்மது சாஹிப் முன்னின்ற அமைப்பு. தோல் வியாபாரத்துப் பணத்தில் மெய்யியல் உரை நடந்த காலம் ஒன்று நம்மிடத்தில் இருந்தது. மற்றவர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ். பட்டமேற்படிப்புக்குக் கேம்பிரிட்ஜ் போனவர், சிவில் சேவைப் பரீட்சையில் தேறியதால் திரும்பி வந்தார். துறை வரலாறு, மெய்யியல் அல்ல. ஆனால் பாதியில் விட்டு வந்த அந்தப் படிப்பின் அருமை தெரிந்தபடியால்தானோ, 1945இல் முஸ்லிம் மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதியத்தை ஆரம்பித்தார்.

அந்த நிதியத்தைப் போன்ற ஒன்று இன்றைக்கு ஆய்வு மாணவர்களுக்குத் தேவை. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் உதவ ஊரில் ஆள் உண்டு. முதுதத்துவமாணி செய்கிற ஒருவருக்கு இரண்டு வருடம் மாதச் செலவுக்கு ஏதாவது கொடுத்து, ஒரு அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பித்துத் தரச் சொன்னால், செலவு ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குள் அடங்கிவிடும். பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் இதைப் பேசியிருக்கிறேன். ஒன்றிரண்டு இடத்தில் செவி சாய்த்திருக்கிறார்கள்.

கையெழுத்துப் பிரதிகள் என்றதும் இன்னொன்று. 1990இல் வெளியேறியபோது நாங்கள் கிதாபுகளைத் தூக்கிக்கொண்டு வரவில்லை, வர முடியவில்லை. சோனகதெருவிலும் தீவுப்பகுதியிலும் இருந்த வீட்டு அலுமாரிகளில் என்னென்ன இருந்தன என்று இன்று வயது போனவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். எந்தக் கிதாபு எந்த வீட்டில் ஓதப்பட்டது, யார் ஓதிக்கொடுத்தார், அவர் எங்கே படித்தவர் என்று மூன்று கேள்வி போதும். என் மாணவி ஒருத்தி புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் இப்படிக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறாள். தீவுப்பகுதியில் மீளக் குடியேறியவர்களிடமும் போக வேண்டும் என்கிறாள். இதை வாசிக்கிறவர்களின் வீட்டில் அப்படி ஒரு மூத்தவர் இருந்தால், ஒரு கொப்பியை எடுத்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். மவுத்தாகிறவர்களோடு அந்தப் பட்டியலும் போய்க்கொண்டிருக்கிறது.